ஸ்கோர் புத்தகத்தின் ஓரம்

கொழும்புத்துறை மைதானத்தில்
நாலு ஓவராக ஒருவரும் ஓடவில்லை.
பந்துக்கு ஒரு புள்ளியாக
வைத்துக்கொண்டு போகிறேன்.
இருபத்துமூன்றாவது புள்ளியின் மேல்
ஈர்க்குத் துண்டொன்று விழுந்தது.
ஊதினேன்.
பறந்தது.

நகத்தளவும் இல்லை.
சிறகைச் சுருட்டி உடம்பில் சுற்றிக்கொண்டு
புல்லின் தாளில் தலைகீழாய் ஒட்டினால்
காய்ந்த தாளில் இன்னொன்று, அவ்வளவுதான்.
முகத்துக்கு முன்னால் மூக்கு நீண்டிருக்கிறது.
மூக்கல்ல, மோப்பத்துக்கான இரண்டு மயிர்த்தண்டுகள்.
கடன் கேட்க வந்து
வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறவரின் முகம்.

நடந்தால் எழும்பும்.
மூன்றடி தள்ளிப் போய் இருக்கும்.
இருந்த இடத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துப் போனாலும்
அங்கே புல்தான் இருக்கும்.

இதனோடு எங்களுக்கு ஒரு வழக்கு இருந்தது.

மாசி பிறந்ததும் மிட்விக்கெட் பக்கம்
சாப்பாட்டுக் கோப்பை அளவில்
மண்ணிறத் திட்டுகள்.
"ஆரோ மண்ணெண்ணெய் ஊத்திப்போட்டாங்கள்" என்றார்
மைதானம் பார்க்கும் சூசைதாசன்.
ஆர் என்று யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.
மற்றப் பள்ளிக்கூடத்துப் பெடியள்தான் என்று
கடிதம் போனது,
மூன்று கையெழுத்தோடு.
அதில் ஒன்று என்னுடையது.

அடுத்த கிழமை
ஜேர்சி தோய்த்த வாளியைத் தட்டிவிட்டாள்
சூசைதாசனின் மகள் பிலோமினா.
சவர்க்கார நுரை திட்டுக்குள் இறங்கி
ஐந்து நிமிடம் இருக்காது,
புழுக்கள் ஏறி வந்தன.
நாலு. பதினொன்று. பிறகு எண்ணவில்லை.
கபிலத் தலை, பச்சையா மண்ணா என்று தெரியாத உடம்பு,
முதுகு நெடுகப் புள்ளிகள்.
குற்றவாளிகள் எல்லாருக்கும்
வயது மூன்று கிழமை.

அறுகின் அடியில் பட்டுநூலால்
ஆளுக்கொரு ஒழுங்கை.
கிடுகுவேலிக்குப் பதில் புல் நறுக்கும்
தன்னுடைய எச்சமும்.
இரவில் ஒழுங்கை வாசல் வரை வந்து
ஒரு தாளை அரிந்து
உள்ளே இழுத்துக்கொண்டு போய்
வெளிச்சம் வரும்வரை தின்னும்.
நாங்கள் பகலில் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தோம்.

தாய்க்கு இதொன்றும் தெரியாது.
மற்றப் பூச்சிகள் இலை தேடும்,
இலையின் அடிப்பக்கம் தேடும், பசை வைத்து ஒட்டும்.
இது மைம்மலில் தாழப் பறந்தபடி
முட்டையைச் சும்மா விட்டுவிட்டுப் போகும்.
கீழே புல் இருக்கும் என்ற
ஒரேயொரு நினைப்பு.
புள்ளி.
புள்ளி.
புள்ளி.

மருந்தடிக்கவில்லை.
கருணை ஒன்றும் இல்லை,
மருந்துக் கடையில் பழைய பாக்கி இருந்தது.
ஆனால் நுரை காய முதல்
உண்ணிக்கொக்குகள் வந்துவிட்டன.
களத்தடுப்புக்கு நிறுத்தியது போல
மிட்விக்கெட்டில் மட்டும் முப்பது கொக்கு,
ஆளையாள் பார்க்காமல்.

புல் திரும்ப முளைத்துவிட்டது, முழுதாக இல்லை.
கடிதத்தைத் திருப்பி வாங்க
ஒருவரும் போகவில்லை.

இப்போது அது
கடலேரிக் காற்றுக்கு எதிராய்த் தத்தி
எல்லைக்கோட்டுக்கு உட்புறம் போய் இருக்கிறது.
இருக்கிறதென்றுதான் நினைக்கிறேன்.

புத்தகத்தின் வலக்கரையில் குறிப்புக்கு ஒரு பத்தி உண்டு.
மழை, காயம், வெளிச்சம் போதாமை,
நாய் உள்ளே வந்தது,
இவைதான் அதில் எழுதுவது.
இதை எழுதலாம் என்றால் பெயர் இல்லை.
அறுகுக்கு ஒரு பெயர், கோரைக்கு ஒரு பெயர்,
நடுவில் இருந்து தின்பதைப் பற்றிக் கேட்டால்
"அதென்ன கண்டறியாத பூச்சி" என்பார்கள்.

சரி.
கண்டறியாதது, என்று எழுதினேன்.
கீழே ஓவரையும் பந்தையும் குறித்தேன்.

நிமிர்ந்தபோது
பந்து காப்பாளரின் கையில்.
பக்கத்தில் இருந்த மற்றப் பள்ளிக்கூடத்து ஸ்கோரரிடம்
"என்ன நடந்தது?" என்றேன்.
"ஒண்டுமில்லை" என்றான்,
தலையைத் தூக்காமல்.

புள்ளி வைத்தேன்.